பென்டடானிக் மனப்பாடம், ப்ளூஸ் சோலோ மட்டும் வரவில்லை

கானாடுகாத்தான் கணக்கப்பிள்ளை:

வணக்கம். வயது 41. ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. ஆசிரியர் யாரும் இல்லை, கைப்பேசிதான். ஐந்து சுர வரிசையான ஏ மைனர் பென்டடானிக் ஸ்கேலின் முதல் பெட்டியை (விரல் வைக்கும் அமைப்பை), ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பியில்) தொடங்குவதை, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து, ஏ சுருதியில் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் பின்னணியை ஓடவிடுவேன். எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமான வீடு. இருப்பது நானும் ஆத்தாவும்தான். மற்ற அறைகள் பூட்டிக் கிடப்பதால் திட்டுவதற்கு ஆளில்லை. ஆனால் நான் வாசிப்பது எனக்கே பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறி இறங்குவதைப் போல ஸ்கேலில் ஏறி இறங்குகிறேன். எந்தச் சுரமும் தப்பில்லை, பாட்டாகவும் இல்லை. நேற்று ஆத்தா கேட்டே விட்டார்: "என்னப்பா, தினமும் எதையோ எண்ணிக்கொண்டே இருக்கிறாய். கூட்டுத்தொகை வரவே இல்லையா?"

இன்னும் ஸ்கேல்கள் படிக்க வேண்டுமா? சுரத்தை உயர்த்தத் தந்தியை வளைத்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது, விரல் நுனி எரிகிறது. அது என் விரலின் குற்றமா?

ஆறாம் தந்தி:

ஒரு பெட்டி போதாது. ஐந்து பெட்டிகளையும் படித்துவிடுங்கள், கழுத்து முழுவதும் திறந்துகொள்ளும். ப்ளூஸுக்கே உரிய கூடுதல் சுரமான ப்ளூ நோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஐந்தாம் தந்தியில் ஆறாம் ஃப்ரெட், மூன்றாம் தந்தியில் எட்டாம் ஃப்ரெட்.

பள்ளத்தூர் ஷஃபிள்:

ப்ளூ நோட்டு சரி. அதில் தங்காமல் கடந்து போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஐந்து பெட்டி இப்போது வேண்டாம். ஓர் அறையிலேயே குடியிருக்கப் பழகாதவருக்கு எட்டு அறைச் சாவியைக் கொடுத்து என்ன செய்வது?

முதலில் விரலைப் பார்ப்போம். தம்பி, உங்கள் மூன்றாம் தந்தியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் அதன்மேல் இன்னொரு கம்பி சுற்றியிருக்கிறது என்று பொருள். அக்கூஸ்டிக் செட்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதை முழுச் சுரம் வளைப்பது என் போன்ற பழைய கைக்கே பாடு. சுற்றில்லாத மூன்றாம் தந்தி உள்ள மெல்லிய செட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்றாம் தந்தியில் ஒன்பதாம் ஃப்ரெட்டை ஒரு முறை மீட்டுங்கள். அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். இப்போது ஏழாம் ஃப்ரெட்டில் மோதிர விரல். அதற்குப் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே தந்தியிலேயே துணை நிற்கட்டும். கட்டைவிரலைக் கழுத்தின் மேல் விளிம்பில் கொக்கியாக மாட்டுங்கள். கதவின் குமிழைத் திருகுவது போல மணிக்கட்டைத் திருப்புங்கள். விரல் தள்ளுவதில்லை, மணிக்கட்டுதான் தள்ளுகிறது. ஒன்பதாம் ஃப்ரெட்டின் ஒலி கேட்கும்வரை தள்ளுங்கள். நாளைக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்குமேல் தோல் உரியும்.

அடுத்தது, வாயைத் திறங்கள். ப்ளூஸ் பாட்டில் முதல் அடியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாம் அடியில் பதில் சொல்வார்கள். அடிக்கு நான்கு பார். பாட்டு ஏறத்தாழ இரண்டு பார்தான் ஓடும், மிச்ச இடம் கிட்டாருக்கு. உங்கள் வீட்டுக்கே ஒன்று கட்டினேன்:

எட்டு அறைக்கும் பூட்டு உண்டு, ஒன்றுக்கும் சாவி இல்லை
எட்டு அறைக்கும் பூட்டு உண்டு, ஒன்றுக்கும் சாவி இல்லை
வளவில் நான் வாசித்தால் வந்து கேட்பது புறா மட்டும்

முதல் அடிக்குக் கீழே ஏ7 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மட்டும். அதே அடியைத் திருப்பும்போது கீழே இரண்டு பார் டி7, இரண்டு பார் ஏ7. மூன்றாம் அடிக்கு இ7, டி7, ஏ7, கடைசியில் மறுபடி இ7. நீங்கள் மாற்றாவிட்டாலும் கீழே தரை மாறிவிடுகிறது, அதனால் திருப்பிச் சொன்ன அடி வேறாகக் கேட்கிறது. டி7 வரும்போது டி சுரத்தில் இறங்குங்கள், மூன்றாம் தந்தி ஏழு. துணிச்சல் இருந்தால் இரண்டாம் தந்தி ஏழு. அது எஃப் ஷார்ப். உங்கள் பெட்டியில் இல்லை, ஆனால் டி7-க்குள் இருக்கிறது.

ஏ7-இல் சி ஷார்ப் இருக்கிறது, உங்கள் ஸ்கேலிலோ சி. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. அந்த உரசலுக்காகத்தான் இவ்வளவு பாடுபடுவதும். மூன்றாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டில் அந்தச் சி-யை அரைச் சுரத்துக்கும் குறைவாக, லேசாக இழுத்துப் பாருங்கள்.

தாளத்துக்கு நம்மிடமே சொல் இருக்கிறது. 'தகிட தகிட' என்று சொல்லி நடு எழுத்தை விழுங்குங்கள்: த-ட, த-ட. இதுதான் ஷஃபிள் என்னும் ப்ளூஸ் நடை. சிங்கப்பூரில் இருந்த காலத்தில் என் டிரம்மர் நண்பருக்கு இதைச் சொன்னேன், ஒரு வாரம் சிரித்தார்.

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி.கிங் 1964-இல் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் வாசித்த இசைத்தட்டு மறு ஆண்டு வெளிவந்தது. அதைக் கேளுங்கள். அவர் பாடும்போது கிட்டார் வாய் திறக்காது.

வீணை வீட்டுப் பெண்:

காரைக்குடியிலிருந்து ஒரு சொல். உங்கள் ஐந்து சுரங்களும் எங்கள் சுத்த தன்யாசிதான். ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். ஒரே மெட்டில் (உங்கள் ஃப்ரெட்) தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எடுப்பது வீணைக்காரர்களுக்கு அன்றாட வேலை. வீணை வாசித்த சாம்பசிவ ஐயர், சுப்பராம ஐயர் சகோதரர்களின் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு வளைக்க வரவில்லை என்கிறீர்களே! ஆனால் ராகமாகவே வாசித்துவிடாதீர்கள். எங்களுக்குச் சுருதி அசையாமல் நிற்கும், உங்களுக்கு அடியில் கார்டு நகர்கிறது.

கானாடுகாத்தான் கணக்கப்பிள்ளை:

அண்ணே, சுற்றிய தந்தியேதான். மாற்றிவிட்டேன். ஒன்பதாம் ஃப்ரெட்டின் ஒலியை ஐந்துக்கு இரண்டு முறை எட்டுகிறேன், மற்ற மூன்றும் சற்றுத் தாழ்ந்தே நிற்கின்றன. கைப்பேசியில் பதிந்து எண்ணிப் பார்த்தேன் (தொழில் புத்தி). முன்பு பன்னிரண்டு பாரில் 71 சுரம் வாசித்திருக்கிறேன். புறாப் பாட்டைப் பாடிக்கொண்டே வாசித்தபோது 19. ஆத்தா 'சாவி இல்லை' என்ற இடத்தில் அடுப்படியிலிருந்து, "சாவியெல்லாம் பெட்டகத்தில்தான் இருக்கிறது" என்று பதில் சொன்னார். ஒன்பதாம் பாரில் இ7 வரும்போது மட்டும் தொலைந்துபோகிறேன்.

சகோதரி, வெட்கமாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளத்தூர் ஷஃபிள்:

ஒரு வாரம் ஒன்பதாம் பாரில் சோலோ வேண்டாம், இ சுரத்தை ஒரே ஒரு முறை மீட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். இரண்டாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட். ஆத்தாவின் பதிலை நான்காம் அடியாக வைத்துக்கொள்ள இடமில்லையே என்று எனக்குத்தான் வருத்தம்.