வலது மூலைப் புள்ளி

சின்ன வயசுல அப்பா தோளில் உட்கார்ந்து படம் பார்த்ததைச் சிலர் சொல்லுவாங்க. எனக்கு வாய்ச்சது ஆபரேட்டர் ரூம் முக்காலி. எங்க அப்பா தேனி பக்கம் ஒரு தியேட்டரில் படம் ஓட்டுற ஆபரேட்டர்.

அந்த ரூமுக்குள்ள பேச்சே கிடையாது. ரெண்டு மெஷின் சத்தம், படத்துக்கு வெளிச்சம் தர எரியுற கார்பன் குச்சியோட புகை, வேட்டியை மடிச்சுக் கட்டின அப்பா. ரெண்டாயிரம் அடி ரீல் ஒண்ணு ஓடி முடிய 22 நிமிஷம் ஆகும். முடியப் போகுதுன்னா திரையில வலது பக்கம் மேல் மூலையில ஒரு சின்னப் புள்ளி வந்து போகும். நாலே நாலு ஃப்ரேம்தான், கண்ணை இமைச்சா போச்சு. அதைப் பார்த்ததும் அடுத்த ரீல் மாட்டியிருக்கிற மெஷினோட மோட்டாரைப் போடணும். ஏழெட்டு செகண்ட்ல ரெண்டாவது புள்ளி. அப்ப படத்தை அந்த மெஷினுக்கு மாத்தணும். ஜனங்களுக்கு எதுவும் தெரியாது.

எட்டு வயசுல எனக்குக் கொடுத்த வேலை, புள்ளி வந்ததும் "அப்பா" என்பது. அவருக்கு என் உதவி தேவையே இல்லைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

1985 வாக்கில் 'முள்ளும் மலரும்' மறுபடி வந்தது. பாலு மகேந்திரா தமிழில் முதன்முதலா ஒளிப்பதிவு செய்த படம். நிழலும் மங்கல் வெளிச்சமுமா இருந்த ஒரு இடத்துல, தரை டிக்கெட்டிலிருந்து "ஆபரேட்டர்! கார்பனைப் போடுய்யா!"ன்னு ஒரே கூச்சல். அப்பா குச்சி இடைவெளியைச் சரிபார்த்தார். எரியுறது சரியாத்தான் எரியுது. "எடுத்தவன் அப்படித்தான்டா எடுத்திருக்கான். பாரு, முகத்துல ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்"னார். சினிமா பத்தி அவர் சேர்ந்தாப்ல பேசினது அன்னிக்குத்தான்னு நினைக்கிறேன். இன்னிவரைக்கும் கதைக்கு முன்னால வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னுதான் என் கண்ணு போகுது. வீட்டுக்காரி கூட படம் பார்க்கிறப்ப இது பெரிய தொல்லை, அது வேற விஷயம்.

டிஜிட்டல் வந்ததும் அப்பா வீட்டோட இருந்துட்டார். இப்ப 78 வயசு. போன மாசம் டிவியில ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பழைய பிரின்ட்லேர்ந்து எடுத்திருப்பாங்க போல, மூலையில புள்ளி அப்படியே இருந்தது.

"அப்பா"ன்னேன்.

"ம். பார்த்துட்டேன்."

ரெண்டாவது புள்ளிக்கு நாற்காலிக் கைப்பிடியில் அவர் விரல் லேசா அழுந்துச்சு. காட்சி மாறுச்சு.

"இன்னும் மூணு ரீல் இருக்கு. போய் டீயைப் போடு."