அலைகளா, பன்னீர் புஷ்பங்களா?

மலைரயில்:
தங்கை மகள் பத்தாம் வகுப்பு. "பழைய படத்துல ஸ்கூல் லவ் ஸ்டோரி ஏதாவது சொல்லுங்க மாமா" என்று கேட்டாள். எனக்கு 1981இல் வந்த இரண்டு தோன்றின: 'அலைகள் ஓய்வதில்லை', 'பன்னீர் புஷ்பங்கள்'. இரண்டுக்கும் இளையராஜா இசை, இரண்டிலும் நாயகன் புதுமுகம். பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. முன்னதில் பூணூலையும் சிலுவையையும் எறிகிற முடிவு நினைவிருக்கிறது. பின்னதில் பாட்டுகள் மட்டும்தான். எதை முதலில் காட்டலாம்?

கடலோரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'அலைகள்'தான். எங்கள் முட்டம் கடற்கரையைப் பாரதிராஜா காட்டிய மாதிரி வேறு யார் காட்டினார்கள்? கார்த்திக், ராதா, ராதாவின் அண்ணனாக வரும் தியாகராஜன் எல்லோருக்கும் அதுதான் ஆரம்பம்.

வானொலிப் பிரியை:
கடலோரன் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் மற்றப் படத்தின் கட்சி. 'அலைகள்' பாதிக்கு மேல் மதச் சண்டையாகிவிடுகிறது. அந்த இரண்டு பேருக்கும் முப்பது வயது என்றாலும் கதை அப்படியே நடக்கும். 'பன்னீர் புஷ்பங்க'ளில் வயதுதான் கதையே. ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடம், சுரேஷும் சாந்தி கிருஷ்ணாவும், அவர்களை மனிதர்களாக மதிக்கிற வாத்தியாராகப் பிரதாப் போத்தன். விடுதிச் சாப்பாட்டைத் திட்டி 'வெங்காய சாம்பாரும் வேகாத சோறும்' என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அந்த வயதுக்குக் காதல் அளவுக்குப் பசியும் பெரிய விஷயம் என்று தெரிந்தவர்கள் எடுத்த படம் அது.

அப்புறம் 'ஆனந்த ராகம்' பாட்டு. சிம்மேந்திரமத்யம ராகத்தைக் கச்சேரியில் கேட்டால் ஒரு கனம் இருக்கும். ராஜா அதையே துள்ள விட்டிருக்கிறார். உமா ரமணன் குரலில் ஜிகினா கிடையாது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போவார், போகிறேன் என்று காட்டிக்கொள்ளவே மாட்டார். பதினாறு வயதுச் சந்தோஷம் அப்படித்தானே திடுதிப்பென்று வரும்? 'கோடைகாலக் காற்றே'யை மலேசியா வாசுதேவனிடம் கொடுத்ததும் நல்ல யோசனை. துள்ளல் பாட்டுக்குத்தான் அவர் என்று நினைப்பவர்கள் அதைக் கேட்கட்டும்.

இதைச் சேர்ந்து இயக்கிய சந்தானபாரதியும் பி. வாசுவும் பிற்பாடு தனித்தனியே போனார்கள். ஒருவர் 'மகாநதி' எடுத்தார், இன்னொருவர் 'சின்னத்தம்பி'. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஆரம்பித்தவர்கள் என்றால் நம்ப முடிகிறதா!

கடலோரன்:
பாட்டு என்று வந்தால் எங்களிடம் 'காதல் ஓவியம்' இருக்கிறதம்மா. 'ஆயிரம் தாமரை மொட்டுக்களே'யை எங்கே வைப்பீர்கள்?

வானொலிப் பிரியை:
தலைமேல் வைப்பேன். பாட்டில் சண்டையே இல்லை, படத்தில்தான்.

தேநீர்க்கடை:
நடுவில் புகுகிறேன். சில்க் ஸ்மிதாவுக்காகவே 'அலைகள்' பார்க்கலாம். தியாகராஜனின் மனைவியாக, கவர்ச்சி ஆட்டம் எதுவும் இல்லாமல் நடித்திருப்பார். அவரை அப்படிப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

மலைரயில்:
சரி, ஞாயிற்றுக்கிழமை 'பன்னீர் புஷ்பங்கள்'. வெங்காய சாம்பார் என்றதும் பெண் இப்போதே சிரிக்கிறாள். 'அலைகள்' பரீட்சை முடிந்த பிறகு. அவள் அம்மாவும் கூட உட்காருவேன் என்கிறாள், அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.