மேகம் கறுத்தாலே நெட் போகிறது, மோடத்தை மாற்றலாமா?

தக்கலைக்காரி:
வணக்கம். தக்கலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர், பழைய ஓட்டு வீடு, பின்னால் மட்டும் மாடி எடுத்திருக்கிறோம். புரட்டாசி கடைசியில் ஃபைபர் இணைப்பு எடுத்தோம், 200 எம்பிபிஎஸ் பிளான். முதல் பத்து நாள் குறையே சொல்ல முடியாது. ஐப்பசி பிறந்ததும் பிடித்தது சனி. சாயங்காலம் மேகம் கறுத்தாலே போதும், ஒரு துளி விழுவதற்கு முன்பே மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பித்துவிடும், விடிய விடிய அப்படியே கிடக்கும், காலையில் ஏழு மணிக்குத் தானாக வந்துவிடும். ஆபீசில் ஆள் வந்து சுவிட்ச் போட்டால்தான் வருமோ என்று மாமனார் கேட்கிறார். வீட்டுக்காரர் வளைகுடாவில். ராத்திரி அவர் கூப்பிடுகிற நேரம் பார்த்து இப்படி.

புகார் கொடுத்தால் ஆள் மறுநாள் பகலில்தான் வருவார். அப்போது எல்லாம் பச்சையாக எரியும். "மழைன்னா அப்படித்தான்க்கா, மோடமும் வீக்கா இருக்கு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் இன்னொன்று. நெட் ஒழுங்காக இருக்கிற நேரத்திலும் லேப்டாப்பில் வயர் குத்திப் பார்த்தால் 94-க்கு மேல் ஏறுவதே இல்லை. மாடியறையில் போனில் 10, 12 வந்தால் பெரிசு. புது மோடம் வாங்கினால் இது எல்லாம் சரியாகுமா? காசு போட்டுவிட்டு அதே கதை என்றால் வயிறு எரியும்.

மார்த்தாண்டம் மக்கா:
பின்னால் சின்ன ஓட்டை இருக்கும், ரீசெட். ஊசியால் பத்து செகண்ட் அமுக்குங்க அக்கா. எனக்கு அப்படித்தான் சரியானது.

ஆரல்வாய்மொழி காற்று:
தயவுசெய்து அந்த ஓட்டையில் கை வைக்காதீர்கள். மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் அடித்தால் கம்பெனிக்காரர் உள்ளே போட்டு வைத்த யூசர் நேம், பாஸ்வேர்டு, விலான் நம்பர் எல்லாம் அழிந்துபோகும். நான் அடித்துவிட்டு ஆள் வரும்வரை மூன்று நாள் சும்மா இருந்தேன். எங்கள் ஊரில் மழையைவிடக் காற்றுதான் வில்லன். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்றில் கேபிள் ஊஞ்சல் ஆடி, கம்பத்தில் இருக்கிற பெட்டிக்குள் கனெக்டர் தளர்ந்துவிடும். உங்களுக்கும் போஸ்டிலிருந்து வருகிற கேபிள் தென்னையில் உரசுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், மட்டை விழுந்தாலும் இதே கதிதான்.

ஸ்பிளைசிங் அண்ணாச்சி:
பதினாறு வருஷம் இந்த ஜில்லாவில் கேபிள் இழுத்தவன் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரிதான் எனக்குப் பிடிபட்டது. "ஒரு துளி விழுவதற்கு முன்பே". அப்படியென்றால் மழை காரணமில்லை. பழைய டெலிபோன் செம்புக் கம்பியாக இருந்தால் ஜாயின்ட்டில் தண்ணீர் ஏறிக் கெடும். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம், லேசாக நனைந்ததற்கெல்லாம் போகாது. பெட்டிக்குள் தண்ணீர் தேங்கினால் தொல்லைதான், ஆனால் அது மழை பெய்து ஊறிய பிறகு வரும், காலை ஏழு மணிக்கு மணியடித்த மாதிரி சரியாகாது.

எல்ஓஎஸ் சிவப்பு என்றால் மோடத்துக்கு வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். மோடம் பாவம், அது உண்மையைத்தான் சொல்கிறது. மோடம் பக்கத்துக் கோளாறு வேறு மாதிரி இருக்கும். அடாப்டர் சோர்ந்துபோனால் எல்லா விளக்கும் மொத்தமாக அணைந்து திரும்ப எரியும், உங்களுக்கு அப்படி இல்லை.

செய்ய வேண்டியது இது. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கிற ஐபி நம்பரை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் அடித்து உள்ளே போனால் ஆப்டிகல் அல்லது பிஓஎன் என்ற பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் காட்டும், மோடத்துக்கு வந்து சேருகிற வெளிச்சத்தின் அளவு அது, டிபி கணக்கில். மைனஸில் இருக்கும். மைனஸ் 15-லிருந்து 25-க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-க்குக் கீழே போனால் பெரும்பாலான மோடத்துக்குக் கண் தெரியாது, ஓரத்தில் நின்றால் சிவப்பு வராமலே திணறும். நல்ல நேரத்தில் ஒரு தடவை, சிவப்பு மின்னும்போது ஒரு தடவை குறித்துவிட்டு வந்து சொல்லுங்கள். அப்புறம் கேபிள் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது, அதையும் எழுதுங்கள்.

தக்கலைக்காரி:
பகலில் மைனஸ் 21.3. சாயங்காலம் சிவப்பு வந்ததும் மைனஸ் 29.6. கேபிள் முன்னறை ஜன்னல் வழியாக வருகிறது. வெட்டுக்கல் சுவர், ஒன்றரை அடி கனம், துளை போடச் சோம்பல்பட்டு ஜன்னல் இடுக்கில் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஸ்பிளைசிங் அண்ணாச்சி:
ஜன்னலை யார் மூடுகிறார்கள், எப்போது?

தக்கலைக்காரி:
ஐயோ. மாமனார்! மேகத்தைப் பார்த்ததும் வீடு முழுக்க ஜன்னலைச் சாத்திவிடுவார். காலையில் டீ குடித்துவிட்டு அவரேதான் திறப்பார். இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்துவிட்டேன். பழைய பலாமரக் கதவு, மழைக்காலத்தில் ஊதி, உள்ளங்கையால் ஒரு அடி போட்டால்தான் கொண்டி விழும். கேபிள் அந்த ஓரத்தில் தட்டையாகவே ஆகிவிட்டது, கறுப்பு உறையில் கதவு விளிம்பின் தடம் அப்படியே பதிந்திருக்கிறது. கதவைத் திறந்து ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் பச்சை. சாத்தினால் சிவப்பு. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே. மெத்தைதான் நனைந்தது.

ஸ்பிளைசிங் அண்ணாச்சி:
அவ்வளவுதான் விஷயம். எட்டு டிபி குறைந்திருக்கிறது, அதாவது வருகிற வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குகூட மோடத்துக்குள் போகவில்லை. உள்ளே இருக்கிற கண்ணாடி இழை உறை நீங்கலாக 125 மைக்ரான், தலைமுடி மாதிரி. அதை நசுக்கினாலும் சுருக்காக வளைத்தாலும் வெளிச்சம் ஓரத்தில் கசிந்துவிடும். டீ கிளாஸ் வாயைவிடச் சின்ன வட்டமாக எங்கேயும் சுற்றக் கூடாது.

ஆளை வரச்சொல்லிச் சுவரில் துளை போடச் சொல்லுங்கள். நசுங்கிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போட வேண்டும், டேப் சுற்றுகிறேன் என்றால் விடாதீர்கள். துளை வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். கேபிள் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேலேறி உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வரும்.

ஆரல்வாய்மொழி காற்று:
94 விஷயத்தை யாரும் தொடவில்லையே. அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் எண். மோடத்தின் பின்னால் நான்கு ஓட்டை இருந்தாலும் சில மாடலில் ஒன்றுதான் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், பக்கத்தில் ஜிஇ என்றோ லேன் 1 என்றோ எழுதியிருக்கும், அதில் குத்திப் பாருங்கள். அப்போதும் 94 என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள், ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், நான்கு மட்டும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் 100-லேயே நின்றுவிடும்.

மாடியறை வேறு பிரச்சினை. ஒன்றரை அடி வெட்டுக்கல், மேலே கான்கிரீட் தளம், அதைத் தாண்டி வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வராது. 2.4 வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும். பக்கத்து வீடுகளும் அதே சேனலில் கத்திக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். 1, 6, 11 இந்த மூன்றில் எது காலியோ அதை வையுங்கள். மோடம் எங்கே இருக்கிறது?

தக்கலைக்காரி:
டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரியை ஒட்டி. இரும்பு சிக்னலை மறைக்கும் என்று தெரியும், சிரிக்காதீர்கள்.

மார்த்தாண்டம் மக்கா:
நான் சிரிக்கவில்லை அக்கா, எனக்கு அலமாரிக்கு உள்ளேயே இருக்கிறது.

தக்கலைக்காரி:
நான்கு நாள் கழித்து வந்து எழுதுகிறேன். துளை போட்டாகிவிட்டது, கனெக்டர் புதுசு, இப்போது மைனஸ் 19.8. நேற்று ராத்திரி இடியும் மழையுமாகக் கொட்டியது, பச்சை அசையவில்லை. ஆனால் இடி பயத்தில் மாமனார் பிளக்கைப் பிடுங்கிவிட்டார், அது தனிக் கதை. லேன் 1-இல் குத்தியதும் 188 வந்தது. மோடம் அதே பழசுதான். மாடியில் 35 வருகிறது, மாடிவரைக்கும் ஒரு லேன் வயர் இழுக்கலாமா என்று பார்க்கிறேன், யாராவது எத்தனை மீட்டர் வரை தாங்கும் என்று சொல்லுங்கள்.

ஸ்பிளைசிங் அண்ணாச்சி:
நூறு மீட்டர். உங்கள் வீட்டுக்கு இருபது போதும். அதையும் ஜன்னல் வழியாக விடாதீர்கள். இடிக்குப் பிளக்கைப் பிடுங்கியது சரிதான், மாமனாரைத் திட்டாதீர்கள்.