ஞாயிறு மூன்று மணிக்கு உங்கள் வீட்டில்

மெக்சிகோவில் ஆறு வருஷம் இருந்தோம். குவாதலஹாரா என்ற ஊர், ஹலிஸ்கோ மாநிலத்தின் தலைநகர். கணவருக்கு ஐ.டி. வேலை. அங்கே அந்தத் தொழில் பெரியது, இந்தியக் குடும்பங்களும் கொஞ்சம் உண்டு. நானும் நாலு வயது மகளும் 2016 ஜூலையில் போய்ச் சேர்ந்தபோது 'ஓலா', 'கிராசியாஸ்' தவிர ஸ்பானிஷில் எனக்கு ஒரு சொல் தெரியாது.

முதலில் மாட்டிக்கொண்டது பெயர் விஷயத்தில். அங்கே எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பாவின் பெயர், அடுத்து அம்மாவின் பெயர். கல்யாணம் ஆனாலும் பெண் தன் பெயரை மாற்ற மாட்டாள். எங்கள் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்: என் சர்நேம் இடத்தில் கணவர் பெயர், மகளுக்கும் அதே பெயர், கணவருக்கோ என் மாமனார் பெயர். அவர்கள் கண்ணுக்கு நானும் மகளும் அக்கா தங்கை, கணவர் யாரோ வேற்று ஆள். ஓர் அலுவலகத்தில் இதை விளக்கவே மூன்று முறை அலைந்தோம். மூன்றாம் முறை, அந்த ஊழியர் என் மகளைப் பார்த்து, "உன் அம்மா யாரம்மா?" என்று கேட்டார். அவள் பயந்துபோய் என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போகப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டுக்கும் இந்தியாவிலேயே அப்போஸ்தில் முத்திரை (சான்றிதழ் வெளிநாட்டிலும் செல்லும் என்பதற்கான அரசு முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மாற்றினால் போதும். குர்ப் என்று எழுத்தும் எண்ணும் கலந்த 18 இலக்க அடையாளக் குறியீடு தருவார்கள். அதில் மூன்றாவது எழுத்து இரண்டாம் குடும்பப் பெயரின் முதலெழுத்து. அந்தப் பெயர் இல்லாதவர்களுக்கு அங்கே 'எக்ஸ்' போட்டுவிடுவார்கள். என் அம்மா பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு 'எக்ஸ்' நிற்பதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி எதிர்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எழுபதுக்கு மேல். வயதில் பெரிய பெண்களை அங்கே 'தோஞா' என்று சேர்த்து அழைப்பார்கள், நான் இங்கேயும் தோஞா என்றே எழுதுகிறேன். காலையில் வாசல் பெருக்கும்போது கையாட்டுவார். என் மகளை 'மீஹா' என்பார். 'என் மகளே' என்பதன் சுருக்கம் அது. காய்கறிக்காரர், பஸ் ஓட்டுநர், மருந்துக் கடைக்காரர் யாரும் அப்படிக் கூப்பிடுவார்கள். நம் ஊரில் பூக்காரம்மா 'என்னம்மா கண்ணு' என்பதைப் போலத்தான்.

நாலு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் தோஞா சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உங்க வீட்டில் சாப்பிடுவோம்." 'சூ காசா', அதாவது உங்கள் வீடு. அதற்குள் எனக்கு அவ்வளவு ஸ்பானிஷ் புரியும். அவரே உரிமையோடு வருகிறேன் என்கிறாரே என்று மனசெல்லாம் நிறைந்துபோனது. சனி ராத்திரியே உளுந்து ஊறப் போட்டேன். எலுமிச்சை சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல், மெதுவடை, சேமியா பாயசம். மேசையில் நல்ல விரிப்பு போட்டு, மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டேன்.

மூன்று ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. அங்கே நேரம் கொஞ்சம் தளர்ந்துதான் போகும், அதனால் கவலைப்படவில்லை. நாலேகாலுக்குத் தோஞாவின் பேரன் வந்து கதவைத் தட்டினான். "பாட்டி ரொம்ப நேரமா உங்களுக்காகக் காத்திருக்காங்க. சாப்பாடு ஆறிப்போச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த வீட்டு மேசையிலும் நல்ல விரிப்பு. மூன்று பிள்ளைகள், மருமகள்கள், பேரக்குழந்தைகள் என்று பதினோரு பேர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன் என்பதற்காகவே போப்லானோ மிளகாயை நெருப்பில் சுட்டு, தோலுரித்து, உள்ளே பாலாடைக்கட்டி வைத்து, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரித்திருந்தார். நம் மிளகாய் பஜ்ஜியின் பெரியம்மா மாதிரி இருந்தது. பதினோரு பேரில் ஒருவரும் கை வைக்கவில்லை. நாங்கள் வரட்டும் என்று இருந்திருக்கிறார்கள்.

அந்த ஊர் மரியாதை அப்படி. தன் வீட்டைச் சொல்லும்போது 'என் வீடு' என்று சொல்ல மாட்டார்கள், கேட்பவரின் வீடாகவே சொல்வார்கள். "நேற்று உங்க வீட்டில் தண்ணீர் வரலை" என்றால் அவர்கள் வீட்டில் வரவில்லை என்று அர்த்தம். பழைய தலைமுறைக்காரர்களிடம் இது இன்னும் இருக்கிறது. ஸ்பானிஷ் வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

தோஞா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீயும் சமைச்சிட்டுக் காத்திருந்தியா, மீஹா?" என்றார். பேரன்களை அனுப்பி எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அத்தனையும் கொண்டுவரச் செய்தார். ஒரே மேசையில் மிளகாயும் மெதுவடையும். வடையை ஒருவர் தக்காளி சல்சாவில் தோய்த்துச் சாப்பிட்டார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்து, தோஞா "உங்க பாஷையில் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்போம் என்றேன். ஸ்பானிஷில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' ஒன்று, சேர்க்காத 'நாங்கள்' ஒன்று என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். முதல் வட்டத்தில் அவரும் உள்ளே, இரண்டாவதில் அவர் வெளியே. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு "நம்ம" என்று சொல்லிப் பார்த்தார். அதற்கப்புறம் நாங்கள் அங்கே இருந்தவரை தெருவில் என்னைப் பார்த்தால் "நம்ம!" என்றுதான் கூப்பிடுவார்.

மகள் ஸ்பானிஷை மூன்றே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்கக் கூடாது, 'மாந்தே' என்று சொல்ல வேண்டும் என்று பள்ளியில் பழக்கிவிட்டார்கள். 'கட்டளையிடுங்கள்' என்பது போன்ற சொல். கோவில்பட்டியிலிருந்து வீடியோவில் மாமியார் பேர் சொல்லிக் கூப்பிட்டால் "மாந்தே, பாட்டி?" என்பாள். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார்.

அங்கே அன்னையர் தினம் கிழமை பார்க்காமல் மே 10 அன்றே வரும். பள்ளியில் பெரிய விழா. இரண்டாம் வகுப்பில் மகள் ஹராபே தாபாத்தியோ ஆடினாள். பையன் தன் தொப்பியைத் தரையில் போட, பெண் அதன் விளிம்பைச் சுற்றி ஆடும் நடனம். பெண்ணின் உடைக்குப் பெயர் 'சீனா போப்லானா', பியூப்லா ஊர்ச் சீனத்தி என்று பொருள். தோஞா இரண்டு வாரம் உட்கார்ந்து பாவாடையில் ஜிகினா தைத்தார். தைக்கும்போதே அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் 'சீனத்தி' என்று சொல்லப்படும் பெண் உங்கள் நாட்டுக்காரி, தெரியுமா என்றார்.

உண்மைதான். அவர் பெயர் கதாரினா தே சான் ஹுவான். இந்தியாவில் பிறந்து, சின்ன வயதில் போர்த்துகீசியரிடம் அகப்பட்டு, கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, மணிலாவில் விற்கப்பட்டு, கப்பலில் அகாபுல்கோ வந்து, பியூப்லாவில் அடிமையாக வாழ்ந்தவர். ஆசியாவிலிருந்து வந்த எவரையும் அன்று 'சீனர்' என்பார்கள். பக்தியில் ஊறிய அவரைப் பலர் புனிதராகவே மதித்தார்கள். 1688-இல் இறந்தார், இயேசு சபைக் கோவிலில் அடக்கம் செய்தார்கள். இன்று அந்தப் பெயரில் வழங்கும் பாவாடை பின்னாளில் வந்தது, அவர் உடுத்தியதல்ல என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். என் மகள் அந்தப் பாவாடையைச் சுழற்றிச் சுழற்றி ஆடியபோது, சொந்தக்காரர் யாருமில்லாமல் வந்திறங்கிய அந்தச் சிறுமியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே மணிலா கப்பல்கள் 1565 முதல் 1815 வரை ஓடின. அதில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் தென்னையில் பாளை சீவும் வித்தையை கொலிமா கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தென்னஞ்சாற்றைத் 'தூபா' என்று இன்றும் தெருவில் விற்கிறார்கள், மேலே வேர்க்கடலை போட்டு. மாமியார் மூன்று மாதம் எங்களோடு வந்து இருந்தபோது அந்தக் கடற்கரையில் உள்ள மன்சனீயோ ஊரில் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு விற்பவரைப் பார்த்து, "பனையா தென்னையா?" என்று தமிழிலேயே கேட்டார். அவர் பக்கத்தில் நின்ற தென்னையைக் காட்டினார். எப்படிப் புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதுரைக்காரர், மாட்ரிட்டிலிருந்து எழுதிய பதில்:

அக்கா, 'நம்ம' கூப்பிட்ட இடத்தில் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. ஸ்பெயினில் எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். கீழ்வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது. மரியாதையாக 'ஊஸ்தெத்', அதாவது 'நீங்கள்' என்றுதான் பேசுவேன். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் லிஃப்டில் நிறுத்திக் கேட்டார்: "என் மேல் உனக்கு என்ன கோபம்? ஏன் என்னைத் தள்ளியே வைக்கிறாய்?" இங்கே டாக்டரையும் பிள்ளைகளின் வாத்தியாரையும்கூட 'நீ' என்றே பேசுகிறார்கள். வயசானவரை 'நீ' என்று சொல்ல என் நாக்கு இன்னும் கூசுகிறது. ஆனாலும் அவரிடம் சொல்கிறேன், அவருக்காக.

பிள்ளைகளுக்குப் பிடித்தது ஜனவரி 5 மாலை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் வேடத்தில் ஊர்வலம் வந்து மிட்டாயை வாரி வாரி வீசுவார்கள். மறுநாள் வளையம் போன்ற ரொட்டி வெட்டுவோம். உள்ளே மறைத்து வைத்த மொச்சை யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் ரொட்டிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

குவாதலஹாரா அம்மா:

தம்பி, மெக்சிகோவிலும் அந்த ரொட்டி உண்டு. மொச்சைக்குப் பதில் குட்டி பொம்மை. கிடைத்தவர் பிப்ரவரி 2 அன்று எல்லாருக்கும் தமாலெஸ் போட வேண்டும். மக்காச்சோள மாவை அந்தக் கதிரின் தோலில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. ஒரு வருஷம் தோஞா வீட்டில் என் மகளுக்குப் பொம்மை வந்துவிட்டது. எனக்குத் தமாலெஸ் கைவரவில்லை. பச்சரிசி மாவில் தேங்காயும் பிலோன்சீயோவும் வைத்து, வாழையிலையில் மடித்து, இலைக் கொழுக்கட்டை செய்தேன். பிலோன்சீயோ என்பது கூம்பு வடிவ அச்சு வெல்லம், வாசனையில் நம் வெல்லமேதான். அறுபது செய்தேன். தோஞா ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது தமால்தான், ஒத்துக்கொள்கிறோம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

புதிதாகக் கிளம்புபவர்:

அக்கா, அடுத்த மாதம் மெக்சிகோவில் கெரேத்தரோ ஊருக்குப் போகிறோம். நாங்கள் சுத்த சைவம். இட்லி மாவுக்கு என்ன செய்தீர்கள்?

குவாதலஹாரா அம்மா:

கடையில் 'கார்னே (இறைச்சி) இல்லாமல்' என்று கேட்டால் போதாதும்மா. கோழியும் ஹாமும் பலருக்கு 'கார்னே' கணக்கில் வராது. பீன்ஸ் மசியலை மந்தேகாவில், அதாவது பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், சாதத்தைக் கால்தோ தே போயோவில், அதாவது கோழிச் சாறில் வேகவைப்பார்கள். "மந்தேகா போட்டிருக்கா? கால்தோ தே போயோ போட்டிருக்கா?" என்ற இரண்டு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்.

மாவுக்கு, முடிந்தால் கிரைண்டர் கொண்டுபோ. எங்கள் கிரைண்டர் பழுதானபோது நான் தெருமுனை மோலினோவுக்குப் போனேன். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தைக் கல்லில் ஈரமாக அரைத்துத் தரும் கடை. ஊறின அரிசியையும் உளுந்தையும் தனித்தனி வாளியில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் உளுந்தை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். மறுநாள் கல்லைக் கழுவிய பிறகு முதல் ஆளாக வரச் சொன்னார். அரிசி நன்றாக வரும். உளுந்து அதில் பொங்காது, அதை மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு நீயே அரைத்துக்கொள். காலை ஆறு மணிக்கே போய்விடு. ஏழு மணிக்கெல்லாம் மக்காச்சோளத்தோடு வரிசை நின்றுவிடும்.