கமலா ஆரஞ்சுச் சோர்பேவில் சர்க்கரையைக் குறைக்கலாமா?

தாண்டிக்குடிக்காரி:
கீழ்ப்பழனி மலையில் காப்பிச் செடிகளுக்கு ஊடே விளைகிற கமலா ஆரஞ்சு எங்கள் வீட்டில் நிறைந்து கிடக்கிறது. பிள்ளைகள் சோர்பே (பால் சேர்க்காமல் பழச்சாற்றை உறையவைத்துச் செய்யும் ஐஸ்) கேட்கிறார்கள். 1 லிட்டர் சாற்றுக்கு 220 கிராம் சர்க்கரை என்று குறிப்புகளில் பார்த்ததும் திகைப்பாகிவிட்டது. பழமே இனிக்கும்போது 100 கிராம் போதாதா? அதிலும் பாதிக்கு மலைத்தேன் சேர்க்கலாம் என்று எண்ணுகிறேன். சோர்பே கடையும் இயந்திரம் எங்களிடம் இல்லை. ஃப்ரீசர் மட்டுமே உண்டு.

குன்னூர்வாசி:
போதாது, சகோதரி. இங்கே சர்க்கரை நாக்குக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. சாற்றிலுள்ள தண்ணீர் பனிக்கட்டியாகப் பிரியப் பிரிய, மிஞ்சிய சாற்றில் இனிப்பின் செறிவு கூடி, அது உறைய வேண்டிய வெப்பநிலையும் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அதனால்தான் மைனஸ் 18 டிகிரியிலும் ஒரு பங்கு பாகாகவே நின்று, பனித்துகள்களுக்கு இடையே வழுக்கிக் கொடுத்து, கரண்டி உள்ளே இறங்க வழிவிடுகிறது. ஆரஞ்சுச் சாற்றில் இயல்பாக உள்ள இனிப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு. 220 கிராம் சேர்த்தால் அது 26-ஐத் தாண்டும். சோர்பேவுக்கு 25 முதல் 30 வரை வேண்டும். உங்கள் 100 கிராம் 19-ஐக்கூடத் தொடாது. கரண்டிதான் வளையும்.

பெருமாள்மலைப் பாட்டி:
கரண்டி வளைந்தால் முள்கரண்டியை எடுக்க வேண்டியதுதானே, தம்பி? எங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்காரர்கள் இருக்கிறார்கள். 100 கிராமோடு நிறுத்தி, அகலமான எவர்சில்வர் தட்டில் விரற்கடை உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஓரத்தில் கட்டியிருப்பதைச் சுரண்டி நடுவே தள்ளிக்கொண்டே வந்தால், பொலபொலவென்று உதிர்ந்து வருகிறது. பழத்தின் புளிப்பும் மணமும் இதில்தான் தெரிகின்றன. அந்த வழுவழுப்புக்காக இரண்டு பங்கு சர்க்கரையைக் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

குன்னூர்வாசி:
அம்மா, நீங்கள் சொல்வது இத்தாலியர்களின் கிரானிட்டா. அது நல்ல பண்டம், ஆனால் வேறு பண்டம். நோயாளிகளை முன்னிட்டுச் சொல்வதானால், சர்க்கரையே சேர்க்காத 1 லிட்டர் சாற்றிலும் 100 கிராம் அளவுக்கு இனிப்பு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அவர்களுக்குக் கிண்ணத்தின் அளவைக் குறைப்பதே பாதுகாப்பு.

கொடை மணி:
இருவரும் தராசையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒற்றைக் கம்பிப் பதத்தில் பாகு காய்ச்சி, ஆறவைத்துச் சாற்றில் கலந்தால் வேலை முடிந்தது. எல்லா இனிப்புக்கும் நம் வீடுகளில் அதுதானே கணக்கு?

குன்னூர்வாசி:
மைசூர்பாகுக்கு அது சரி. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், சமவெளிக்காரர் எழுதிய வெப்பமானிக் கணக்கு இங்கே பொய்த்துப்போகும், கம்பிப் பதம் பொய்க்காது; அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோர்பேவுக்குப் பாகே தேவையில்லை. ஆரஞ்சு நிறமுள்ள மேல்தோலை மட்டும் மெல்லத் துருவி, சர்க்கரையோடு சேர்த்து விரல்களால் கசக்குங்கள்; சர்க்கரை ஈரமணல் போலாகி மணக்கும். அதைச் சாற்றில் போட்டுக் கரையும்வரை கலக்கினால் போதும். சாற்றை அடுப்பில் ஏற்றவே கூடாது. கமலா ஆரஞ்சின் விதையும் சவ்வும் மிக்ஸியில் அரைபட்டாலும், சாறு சூடுபட்டாலும், பிழிந்தபோது இல்லாத கசப்பு சில மணி நேரத்தில் தலைகாட்டும். கையால் பிழிந்து, உடனே வடிகட்டி, அன்றே உறையவைப்பது நல்லது.

தாண்டிக்குடிக்காரி:
இயந்திரம் இல்லாமல் வழுவழுப்பு வருமா? தேனைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

கொடை மணி:
பெரிய வாளியில் உடைத்த ஐஸ் 3 பங்கு, கல் உப்பு 1 பங்கு போட்டு, நடுவே மூடியுள்ள தூக்குச்சட்டியில் சாற்றை வைத்துச் சுழற்றிக்கொண்டே, ஓரத்தில் படிவதை அவ்வப்போது வழித்துவிடுங்கள். உப்பு ஐஸை உருக்கும்போது வாளியின் குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே போய்விடும். விரைவாக உறைவதால் துகள்களும் பொடியாக இருக்கும். உப்புநீர் உள்ளே தெறித்தால் எல்லாம் பாழ்.

பெருமாள்மலைப் பாட்டி:
மார்கழிக் குளிரில் உப்பு வாளியில் கைவிட்டுச் சுழற்றுவதற்கு என் தட்டும் முள்கரண்டியும் எவ்வளவோ மேல்.

குன்னூர்வாசி:
தேனைப் பொறுத்தவரை உங்கள் யோசனை பாதி சரி, சகோதரி. தேனில் உள்ளவை பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். எடைக்கு எடை அவை சர்க்கரையைவிட உறைநிலையை அதிகமாக இறக்குவதால் சோர்பே மென்மையாகும். 170 கிராம் சர்க்கரையும் 50 கிராம் தேனும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் போனால் ஆரஞ்சு பின்வாங்கித் தேன் மட்டுமே பேசும். சேர்க்கும் முன் ஒரு சொட்டு நக்கிப் பாருங்கள். நாவல் பூத் தேனாக இருந்தால் அதிலேயே ஒரு கசப்பு உண்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள்.