பாகவதர் காலப் படங்களில் சுருதி ஏறிக் கேட்கிறதே, பிரதியின் கோளாறா?

ரீல்பெட்டி:
1930, 40களின் தமிழ்ப் படங்களை யூடியூபில் கேட்டால், அதே பாட்டின் இசைத்தட்டைவிடச் சுருதி கூடுதலாக இருக்கிறது. ஹார்மோனியத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கட்டையிலும் உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேகம் கூடிவிட்டதா, இல்லை, நாடகத்திலிருந்து வந்தவர்கள் நிஜமாகவே இந்த உச்சத்தில்தான் பாடினார்களா? ஆடாசிட்டியில் (ஒலியைத் திருத்தும் மென்பொருள்) சரிசெய்ய முடியுமா?

ஒலிப்பட்டை:
இரண்டும் உண்டு. முதலில் வேகத்தைப் பாருங்கள்.

பேசும்படம் நொடிக்கு 24 பிரேம். நம் ஊர் தொலைக்காட்சி, வி.சி.டி., டி.வி.டி. எல்லாம் பெரும்பாலும் 25. மாற்றும்போது 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். சுருதி அரைக்கட்டையில் (ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி) பத்தில் ஏழு பங்கு ஏறும். நடுவில் நிற்பது அதனால்தான்.

யாராவது நடந்துபோகும் இடமாகப் பார்த்து, வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். 25 பிரேம் கோப்பில் எல்லாமே வெவ்வேறு படமாக இருந்தால் வேகம் கூட்டியது. நொடிக்கு ஒரு பிரேம் இரட்டித்தால் வேகம் சரி. 30 பிரேம் கோப்பானால் ஐந்துக்கு ஒன்று இரட்டிக்க வேண்டும். ஆறுக்கு ஒன்று என்றால் 25இலிருந்து வந்தது, கோளாறு முன்பே நுழைந்திருக்கும்.

ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியை எடுத்து, பெருக்கும் எண்ணாக 0.96 கொடுங்கள். சுருதியை மட்டும் இறக்கும் கருவி வேண்டாம். தாளம் ஓடியபடியே இருக்கும், கார்வைகள் (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரங்கள்) கரகரக்கும்.

மகரக்கட்டு:
அதைச் செய்த பிறகும் குரல் உச்சத்தில்தான் இருக்கும். அதற்குமேல் இறக்கிவிடாதீர்கள்! இன்று ஆண் கச்சேரிப் பாடகர்கள் பலருக்கும் ஒன்று, ஒன்றரைக் கட்டை; அன்றைய ராஜபார்ட்டுக்கு (நாடகக் கதாநாயகனுக்கு) நாலு, ஐந்து கட்டை சாதாரணம். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமே. நாடகப் பாடகர் கிட்டப்பா சினிமாவில் நடிக்காமலே 1933இல் இறந்துவிட்டார், தட்டுகள்தான் மிச்சம். ஆனால் அந்தப் பாணிதான் படத்துக்கும் வந்தது.

ஸ்டூடியோவிலும் அந்தப் பழக்கம் பயன்பட்டது. 'பவளக்கொடி' (1934) நாட்களில் நடிகர் கேமரா முன்னால் நின்றபடியே பாட வேண்டும். மைக் தலைக்கு மேலே, பக்கவாத்தியம் கேமரா பார்வைக்கு வெளியே. தலையைத் திருப்பினால் குரல் தேயும். சிலை மாதிரி நின்று பாடுவதன் காரணம் பாதி இதுதான். நிமிடத்துக்கு 90 அடி பிலிம்; நாலு நிமிடப் பாட்டின் கடைசி அடியில் சறுக்கினால் 360 அடி வீண். அந்தப் படத்தை அடையாறில் வெயிலில் எடுத்தபோது, காக்கை கத்தினாலே டேக் போய்விடும் என்று விரட்டுவதற்குத் தனியாக ஆள் வைத்திருந்தார்களாம். பின்னணி பாடும் முறை தமிழில் 'நந்தகுமார்' (1938) படத்தில்தான் வருகிறது.

தட்டுமுள்:
ஒரு ஆட்சேபம். இசைத்தட்டை அளவுகோலாக வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயருக்குத்தான். 78இல் பதிந்த தட்டை 74இல் ஓட்டினாலே சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கிவிடும். தட்டுக்குத் தனியாகப் பாடுவதும் உண்டு, அப்போது சுருதியையே மாற்றியிருக்கலாம். படம் சரியாக இருந்து தட்டு தவறாக இருக்க வாய்ப்பு உண்டு. பிரேம் சோதனையைத்தான் நம்புவேன்.

ரீல்பெட்டி:
பிரேம் சோதனையில் 25ம் வெவ்வேறு. 0.96 போட்டதும் கட்டையில் உட்கார்ந்துவிட்டது, நன்றி. இன்னொன்று: சில இடங்களில் படம் குதிக்கிறது, பாட்டு சற்றுக் கழித்துக் குதிக்கிறது. இரைச்சலையும் குறைக்க வேண்டும்.

ஒலிப்பட்டை:
அது அறுந்த ரீலை ஒட்டிய இடம். பிரிண்டில் ஒலி, தன் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். ஒட்டு முதலில் லென்ஸைக் கடக்கும், முக்கால் நொடிக்குச் சற்று மேல் கழித்துத்தான் ஒலித்தலைக்கு (ஒலியைப் படிக்கும் பாகம்) வரும். போன அடிகள் போனதுதான்; சத்தத்தை வெட்டி நகர்த்தினால் அடுத்த வரியெல்லாம் உதட்டசைவு விலகும்.

இரைச்சல் குறைப்பதை வேகம் சரிசெய்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7,000க்கு மேலும் வெட்டினால் போதும், அந்தக் கால ஒலிப்பட்டையில் அதற்குமேல் பெரிதாக எதுவும் இல்லை. 4,000 வரை இறக்கினால் ச, ஸ எல்லாம் மழுங்கி வசனம் புரியாது. தானியங்கி இரைச்சல் நீக்கியை 6 டெசிபெலுக்கு மேல் ஏற்ற வேண்டாம், தம்புராவையும் சேர்த்துத் தின்றுவிடும்.