வெள்ளித் தோட்டைப் பார்த்து "எத்தனை கிராம்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

ஈசூன்_கம்பிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். பகலில் அலுவலக வேலை, இரவு பத்து மணிக்கு மேல் வீட்டு சர்வீஸ் யார்டில் மடக்கு மேசை போட்டு வெள்ளியும் பித்தளையும் அறுத்து நகை செய்கிறேன். இரண்டரை வருடமாகிறது. ஜிமிக்கி, மாங்காய் மாலை எல்லாம் இல்லை. வீவக அடுக்குமாடி வீடுகளின் மாடிப்படி, பழைய ஜன்னல் கம்பி, கால்வாய் மூடி, இந்த மாதிரி வடிவங்கள்தான்.

போன வாரம் ஒரு சந்தையில் மேசை எடுத்தேன், இரண்டு நாளுக்கு வாடகை 180 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). ஓர் அம்மா மகளோடு வந்தார். மகளுக்கு மாடிப்படித் தோடு ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு "எத்தனை கிராம்மா?" என்றார். ஆறு என்றேன். விலை 68 என்றதும் போனை எடுத்து அன்றைய வெள்ளி விலையைத் தட்டிப் பார்த்து, "ஆறு கிராமுக்கா? இந்தக் காசுக்குத் தேக்கா நகைக்கடையில் கொலுசே வருமே" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கோபமெல்லாம் இல்லை, ஆனால் எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் கணக்கில் தப்பு இல்லையே. அப்புறம் வந்த இன்னொருவருக்கு அதே தோட்டைப் பயத்தில் 55க்குக் கொடுத்துவிட்டு, எம்ஆர்டி ரயிலில் வீடு வரும்வரை என்மேலேயே எரிச்சல்.

ஒரு ஜோடிக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. வெள்ளி, கொக்கி, பெட்டி எல்லாம் சேர்த்து 20 வெள்ளி. மொத்தம் 14 உருப்படி விற்றது, மேசை வாடகையையும் பிரித்துக் கழித்தால் 55க்குக் கொடுத்த ஜோடியில் மணிக்கு 7 வெள்ளிகூட நிற்கவில்லை.

இப்போது ஒரு கடை என் நகைகளைக் கேட்கிறது, விற்றால் 40 சதவீதம் அவர்களுக்கு. 68இல் 40 போனால் எனக்கு என்ன மிச்சம்? விலையை ஏற்றலாமா, ஏற்றினால் யார் வாங்குவார்கள்? கிராம் கேட்பவர்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பத்தர்_வீட்டுப்_பேரன்

அந்த அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். என் தாத்தா சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு நகைக்கடையின் பின்னால் இருந்த பட்டறையில் நாற்பது வருடம் உட்கார்ந்தவர். நம் ஆட்களுக்கு நகை என்றால் உலோகம் தனி, செய்கூலி தனி, சேதாரம் தனி. எடையைக் கேட்பது அவமானப்படுத்த அல்ல, பேச்சை அங்கேயிருந்துதான் தொடங்கிப் பழக்கம். தாத்தா செய்த அட்டிகையின் வடிவம் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை, அச்சுப் புத்தகத்தைப் புரட்டி "இது மாதிரி" என்பார்கள். வடிவத்துக்குக் காசு என்ற எண்ணமே அந்தக் கணக்கில் கிடையாது. உங்கள் தோட்டில் இருப்பதோ முக்கால்வாசி அதுதான்.

அதனால் நான் சொல்வது, அவர்களுக்குத் தெரிந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். "ஆறு கிராம்தான் ஆன்ட்டி, மீதி என் செய்கூலி, அச்சில் ஊற்றியது இல்லை, அறுத்தது" என்று. செய்கூலி என்ற சொல்லுக்கு நம்மவர்களிடம் இன்னும் மரியாதை இருக்கிறது.

இன்னொன்று, அறுக்கும்போது விழும் துகளை எறியாதீர்கள். தாத்தா பட்டறையைக் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்து வைப்பார், அரத்தூள் அதில் இருக்கும் என்று. வெள்ளித் தூளும் காசுதான். பித்தளைத் தூளோடு கலக்காமல் தனி டப்பாவில் போடுங்கள்.

நெருப்பும்_வெண்காரமும்

மேலே சொன்ன அண்ணனோடு பாதி ஒத்துப்போகிறேன், பாதி இல்லை. பதினொரு வருடமாக இதே பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். செய்கூலி என்று பிரித்துச் சொன்ன அடுத்த நிமிடமே பேரம் அந்தச் செய்கூலியில்தான் விழும், ஏனென்றால் நகைக்கடையிலும் அங்கேதானே குறைக்கச் சொல்கிறோம்? நான் பிரிப்பதே இல்லை. கிராம் கேட்டால் சொல்வேன், மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் சொல்லிக்கொண்டே அறுத்துப் பாதியில் நிற்கிற ஒரு தகட்டைக் கையில் கொடுத்துவிடுவேன். மேசையில் எப்போதும் மூன்று தட்டு வைத்திருப்பேன்: பென்சில் கோடு போட்ட வெறும் தகடு, அறுத்தது, பற்றவைத்துக் கறுத்துப்போய் இன்னும் மெருகு ஏறாதது. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் "ஐயோ, இதுதானா இது?" என்பார்கள். அதற்குப் பிறகு போனை எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் குறைவு.

ஓட்டோ குன்ஸ்லி என்று ஒரு சுவிஸ்காரர் 1980இல் ஒரு வளையல் செய்தார். கறுப்பு ரப்பர் குழாய், உள்ளே தங்க உருண்டை. வெளியே ஒரு புடைப்புதான் தெரியும், தங்கம் கண்ணில் படாது. ரப்பர் தேய்ந்தால்தான் நிஜமாகவே உள்ளே இருக்கிறதா என்று தெரியும். தங்கம் கண்ணை மறைக்கும் என்பதுதான் அதன் பெயரே. நம் வீட்டுக் கல்யாணங்களில் அதைப் போட்டுக்கொண்டு போனால் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, கணக்கு. மணிக்கு 12 வெள்ளி என்று வைத்தால்கூட (அதுவும் குறைவுதான்) மூன்றரை மணி நேரத்துக்கு 42, பொருள் 20, ஆக உங்கள் கையில் 62 வந்தே ஆகவேண்டும். கடை 40 சதவீதம் எடுத்தால் விலை 103க்குக் கீழே இறங்கவே முடியாது. சந்தையில் 68, கடையில் 103 என்று இரண்டு விலை வைத்தீர்களானால் கடைக்காரர் ஒரே மாதத்தில் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார், எனக்கு நடந்திருக்கிறது. எங்கேயும் ஒரே விலை, 105. சந்தையில் விற்றால் வித்தியாசம் மேசை வாடகைக்கு. பயமாக இருந்தால் ஆர்ச்சர்ட் ரோட்டில் டிசைன் ஆர்ச்சர்ட் இருக்கிறதே, அங்கே போய் உள்ளூர் நகைகளின் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

ஆனால் மூன்றரை மணி நேரம் அதிகம்மா. ஒரு ஜோடியைத் தொடங்கி அதையே முடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பத்து ஜோடியை ஒரே நாளில் அறுங்கள், இன்னொரு நாள் மொத்தமாகப் பற்றவையுங்கள். நிறைய நேரம் பொருள்களை எடுத்து வைப்பதிலேயே போகிறது, கவனித்துப் பாருங்கள். பித்தளையில் 35, 40 வெள்ளிக்குச் சின்னதாக நாலைந்து வைத்தால் மேசை வாடகையை அது பார்த்துக்கொள்ளும். பித்தளைத் தோட்டுக்கும் கொக்கி மட்டும் வெள்ளியிலோ டைட்டேனியத்திலோ போடுங்கள், நம் ஊர் வியர்வைக்குப் பித்தளைக் கொக்கி காது ஓட்டையைப் பச்சையாக்கிவிடும். ஒருமுறை அப்படி ஆனால் அந்த வாடிக்கையாளர் போனவர்தான்.

தெம்பனிஸ்_மாமா

யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, உள்ளதைச் சொல்கிறேன். 105 வெள்ளிக்கு வெள்ளித் தோடு வாங்குவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பொடிசாக 916 தங்கத்தில் ஒன்று வாங்கினால் அவசரத்துக்கு அடகுக்கடையில் வைக்கலாம். என் மனைவி 1994இல் வளையலை வைத்துத்தான் மகனுக்கு முதல் வருடக் கட்டணம் கட்டினாள். உன் தோட்டைக் கொண்டுபோனால் அடகுக்கடைக்காரர் என்ன தருவார், சொல்லும்மா. அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நெருப்பும்_வெண்காரமும்

மாமா, ஒன்றும் தரமாட்டார். அதனால்தான் சேமிப்பு என்று சொல்லி நாங்கள் யாரும் விற்பதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ரைசிஸ் நிறுவனம் 1976லிருந்து நிஜ ஆர்க்கிட் பூவுக்குத் தங்கமுலாம் பூசி விற்கிறதே, ஊருக்கு வந்துபோன சொந்தக்காரர் எத்தனை பேருக்கு நாமே வாங்கிக் கொடுத்திருப்போம்? அதில் தங்கம் எத்தனை கிராம் என்று நீங்கள் கேட்டீர்களா?

தெம்பனிஸ்_மாமா

கேட்கவில்லைதான். 😄 என் தங்கச்சிக்கே ஒன்று கொடுத்தேன், திருச்சியில் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

காகிதக்_கத்தை

விலைப் பேச்சு நடக்கட்டும், ஒரு விஷயம். சொந்த முழுப் பெயரிலேயே விற்றால் அக்ராவில் (வணிகப் பதிவு ஆணையம்) பதியத் தேவையில்லை, தனியாகப் பிராண்டுப் பெயர் வைத்தால் பதிய வேண்டும். அது பலருக்கும் தெரியும். தெரியாதது, 2019இல் வந்த சட்டப்படி தங்கம், வெள்ளி, வைரம் போன்றவற்றில் வியாபாரம் செய்பவர்கள் சட்ட அமைச்சின் கீழ் இருக்கும் பதிவாளரிடமும் பதிய வேண்டியிருக்கலாம். கறுப்புப் பணத்தைத் தடுக்க வந்த சட்டம், பெரிய கடைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், வெள்ளியும் அதில் வருகிறது. கடையோடு ஒப்பந்தம் போடும் முன் அமைச்சின் இணையப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். வெறும் பித்தளை என்றால் இந்தத் தலைவலி இல்லை. அப்புறம் கடை ஒப்பந்தத்தில் திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்ற வரி இருக்கிறதா பாருங்கள்.

ஈசூன்_கம்பிக்காரி

எல்லாருக்கும் நன்றி. பதிவாளர் விஷயம் சத்தியமாகத் தெரியாது, இன்றிரவே படிக்கிறேன்.

நேற்று நேரம் பார்த்து எழுதி வைத்தேன். அக்கா சொன்னது சரி, மூன்றரை மணியில் ஐம்பது நிமிடம் மேசையை விரித்து, டார்ச்சில் கேஸ் ஊற்றி, எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைப்பதற்கே போயிருக்கிறது. கடையிடம் 105 என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, "எத்தனை ஜோடி தருவீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். இதற்கா இத்தனை நாள் பயந்தேன்!

பத்தர் வீட்டு அண்ணா, உங்கள் தாத்தா நெருப்பு ஊதிய ஊதுகுழல் இன்னும் இருக்கிறதா? படம் போடுவீர்களா?

பத்தர்_வீட்டுப்_பேரன்

அம்மாவிடம் இருக்கிறது, தீபாவளிக்குப் போகும்போது எடுக்கிறேன். வாய் வைக்கும் பக்கம் பித்தளை வழவழவென்று தேய்ந்து, கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவருக்கு முன்பல் ஒன்று கிடையாது.